நான் வேலை வாங்கிக் கொடுத்தவன்

வாரியத்தின் முதல் அமர்விலேயே ஒரு மனிதரின் கண் போவதைப் பார்த்தோம். லேப்டாப் திரையில், சத்தம் இல்லாமல்.

நூற்பாலையின் நீண்ட இடைவழி. நடுவே தரையில் ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். அவள் தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு, தன் சட்டையைக் கழற்றி அவள் தலையில் வைத்து இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருக்கிறார். வெளிறிய சட்டை பார்க்கப் பார்க்கக் கறுக்கிறது. திரையின் ஓரத்திலிருந்து இன்னொருவன் ஓடி வருகிறான். பஞ்சுப் பொதிகளின் இரும்புப் பட்டையை நெம்பி எடுக்கும் கம்பி அவன் கையில். வந்த வேகத்தில் மண்டியிட்டிருப்பவரின் பின்னந்தலையில் ஓங்கி அடிக்கிறான். அவர் யாரென்று பார்க்கத் திரும்புகிறார். அடுத்த அடி முகத்தில். அதன்பிறகு அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்கள் மேலேயே கம்பி இறங்கியது. மொத்தம் பதினோரு அடி. நான்கு பேர் சேர்ந்து அவனை இழுத்துக்கொண்டு போகும்போது காலாலும் ஒரு மிதி மிதித்தான். அது தரையில் கிடந்த பெண்ணின் கையில் விழுந்தது.

அவன் அவளுடைய கணவன். அடிபட்டவர் சூப்பர்வைசர்.

வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இன்னொரு தடவ போடுங்க” என்றார். மூன்று தடவை பார்த்தோம்.

எங்கள் வாரியத்தில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. முதலாளிகள் தரப்புக்கு ஒருவர். முன்பு சொந்தமாகச் சின்ன மில் ஒன்றை நடத்திவிட்டு விற்றவர், அறுபது தாண்டியவர், ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தொழிலாளர் தரப்புக்கு நான். ஒரு வேலைநிறுத்தம் கைமீறிப் போகும்போது இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, ஒப்பந்தத்துக்குக் கொண்டுவர அரசு அமைக்கிற சமரச வாரியம். தீர்ப்பு எழுதும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. பேசிப் பேசிக் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

நான் நெல்லை டவுனில் ஒரு தலைமையாசிரியருக்கு மகளாகப் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாரும் மில்லுக்குள் கால் வைத்ததில்லை. சட்டம் முடித்ததும் பாளையங்கோட்டையில் தொழிற்சங்க வழக்குகள் நடத்தும் சீனியர் ஒருவரிடம் சேர்ந்தேன். முதல் மாதமே ஒரு பெண் வலது கையைப் பாலிதீன் பையால் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மூன்று விரல் இல்லை. அவள் தூங்கி விழுந்தாள் என்று மில் தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மனு எழுதினேன். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. பெல்ட்டில் போன கை, கொதிகலனில் வெந்த முதுகு, கேட்டில் வைத்து ஆள்விட்டு அடித்த சங்கச் செயலாளர். ஒவ்வொரு வழக்கிலும் அடி ஒரே திசையில்தான் விழுந்தது. அதனால் அந்தத் திரையில் முதல் தடவையாக அடி எதிர்த்திசையில் விழுவதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நிறைவு ஏற்பட்டது. இப்போது அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.

நடந்தது இதுதான். மேற்கே மலையடிவாரம் போகும் சாலையில் உள்ள நூற்பாலை அது. ஊர் பெயர் வேண்டாம். நூல் நூற்கும் இயந்திரத்தின் தலைப்பக்கத்தில் பற்சக்கரங்களும் பெல்ட்டும் ஓடும். அதை ஒரு தகரக் கதவு மூடியிருக்க வேண்டும். பெல்ட் அடிக்கடி நழுவியது. ஒவ்வொரு தடவையும் கதவைக் கழற்றி மாட்டினால் நேரம் போகிறதென்று சூப்பர்வைசர் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். மேலிடத்துக்கும் அது தெரியும். காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அறுந்த நூலைப் பிடிக்கக் குனிந்தாள். முடி பற்சக்கரத்தில் சிக்கியது. இயந்திரம் நிற்பதற்குள் நெற்றியிலிருந்து பிடரி வரை தலைத்தோல் முடியோடு உரிந்து போயிற்று. ஒரு காதின் மேல்பாதியும். பொத்தானை அமுக்கி நிறுத்தியவர் அதே சூப்பர்வைசர்தான். பொதி பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்த கணவனிடம் யாரோ ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவன் கையிலிருந்த கம்பியோடு வந்தான்.

மில் அவனை வேலையைவிட்டு நீக்கியது. போலீஸ் பிடித்துப்போய்ச் சில வாரம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். பெண்டாட்டி கோலத்தைப் பார்த்து எந்த ஆண்பிள்ளைதான் சும்மா இருப்பான் என்று மில் முழுக்க ஒரே பேச்சு. அவனைத் திரும்ப எடுக்கச் சொல்லி வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் வெளியாட்களை வைத்து ஓட்டுவதற்கு மில் நிர்வாகம் பஸ்ஸில் ஆள் கூட்டி வந்தது. கேட்டில் கல் பறந்தது. பஸ் டிரைவரின் தாடை பெயர்ந்தது. போலீஸ் தடியால் அடித்ததில் கர்ப்பிணி ஒருத்தி வாய்க்காலுக்குள் விழுந்து பிள்ளை கலைந்துபோயிற்று. அதற்கு மேல்தான் அரசு வாரியத்தை அமைத்தது.

கொக்கிரகுளத்தில் ஆற்றைப் பார்த்தாற்போல் இருந்த மாடி அறையில் எங்கள் அமர்வுகள் நடந்தன. முதல் நாள் சூப்பர்வைசர் வந்தார். இடது கண் இருந்த இடத்தில் இமைகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. அவரும் இயந்திரத்தின் ஒரு பக்கத்து நூலைப் பார்த்துக்கொள்ளும், சைடு ஓட்டும் தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்தான். மில் லைன் வீடுகளில் அந்தத் தம்பதிக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

“கதவக் கழத்தினது யாரு?” என்று கேட்டேன்.

“நாந்தான்.”

“யார் சொல்லிக் கழத்துனீங்க?”

மில்லின் பணியாளர் அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் தன் ஒற்றைக் கண்ணால் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “யாரும் சொல்லல. நானாத்தான் கழத்துனேன்.”

பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொய்யை எப்படிப் பயன்படுத்தலாம் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

இரண்டாம் அமர்வில் மில் தரப்பு இன்னொரு காணொளியைப் போட்டது. விபத்தன்று காலை, கேட் கேமராவில் பதிவானது. தம்பதி பைக்கில் வந்து இறங்குகிறார்கள். அவள் முடி அவிழ்ந்து முதுகெல்லாம் கிடக்கிறது. “பாருங்க, தலைமுடிய முடியாம, தலைத்துணி கட்டாம வந்திருக்கு. இது யார் தப்பு?” என்றார் அதிகாரி.

அந்தக் காணொளி இருபது நொடிகூட வராது. அவள் பைக்கிலிருந்து இறங்கும்போது ஒரு கையால் உச்சந்தலையைப் பிடித்திருக்கிறாள். முடியை அள்ளி முடியப் போகிறாள். அவன் ஏதோ சொல்லி, அவள் கையைத் தட்டிவிடுகிறான். அவள் அப்படியே உள்ளே போகிறாள்.

“அவ முடிஞ்சிட்டுத்தான் இருந்திருக்கா. உள்ள போயி கட்டியிருப்பா” என்று நான் வாதாடினேன். “கதவு இருந்திருந்தா முடி அவிழ்ந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது.”

தேநீர் இடைவேளையில் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, “ஏம்மா, அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தியளா? பைக்ல இருந்து இறங்கும்போது?” என்றார்.

“பாத்தேன் அண்ணாச்சி.”

“என்னமோ சரியில்லம்மா” என்று சொல்லிவிட்டுத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். எதிர்த்தரப்பு உறுப்பினர் என்னைக் குழப்பப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் அமர்வுக்கு அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். தொடையிலிருந்து தோல் எடுத்துத் தலையில் ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் வெள்ளைத் துணி கட்டி, சேலை முந்தானையால் முக்காடு போட்டிருந்தாள். கணவன் அவள் முழங்கையைப் பிடித்துப் பைய நடத்திக் கூட்டி வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். சங்கத்துக்காரர்கள் கண்கலங்கி நின்றார்கள்.

தலைவர் அவளிடம், “அன்னைக்குக் காலையில என்ன நடந்தது?” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் பணியாளர் அதிகாரி, “தலை முடியாம ஏன் வந்தேன்னு அத மட்டும் கேளுங்க சார். அலங்காரம் பண்ணத்தான் நேரம் இருந்துச்சா?” என்றார்.

கணவன் மேஜையைத் தாண்டிப் பாய்ந்தான். தண்ணீர் ஜக் உருண்டு விழுந்தது. அதிகாரியின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. “எம் பொண்டாட்டியப் பாத்து என்னலே சொன்ன?” சங்கத்துக்காரர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அதிகாரியின் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் என் கோப்பு மேலெல்லாம் தெறித்தது. எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நாற்காலியை விட்டிறங்கி மேஜைக்கடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்தியிருந்தாள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு பழகிய மாதிரி.

அவளைத் தூக்கி வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்து முகம் கழுவச் சொன்னேன். அவள் கழுவவில்லை. குழாய்ச் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு பேசினாள்.

“வக்கீலம்மா, அவுகள வேலைக்கு எடுக்காண்டாம்.”

“என்னது?”

“அன்னைக்கு நான் தலைய முடிஞ்சிதான் இருந்தேன். குழம்பு ஆறிப்போச்சின்னு கொண்டையப் பிடிச்சி அடுப்படியிலேருந்து வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்தாக. கொண்டை ஊசியெல்லாம் வீட்டுல கெடக்கு. தலைத்துணியும் கெடக்கு. எடுக்க விடல. கேட்டுல வச்சி முடிய விடல. ‘இப்படியே போ, ஊரு பாக்கட்டும்’ன்னாக.” அவள் ஜாக்கெட் கையை மேலே இழுத்தாள். சிகரெட்டால் சுட்ட தழும்புகள், வரிசையாக. “மில்லுல இருந்து நீக்குனதுக்குப் பொறவு கைய வைக்கல. ஊருபூரா வீட்டுக்கு வந்து போவுதுலா, அதான். வேலைக்குத் திரும்பப் போனா, அந்தப் பழைய மனுசன் ஆயிருவாக.”

குழாயை மூடினேன். என் மனம் அந்த நேரத்தில் என்ன கணக்குப் போட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முடி அவிழ்ந்ததற்குக் காரணம் கணவன் என்று வெளியே வந்தால் மில் தப்பிவிடும். கதவு கழற்றி வைத்த விஷயம் அமுங்கிப்போகும். மானத்துக்காக அடித்தவன் என்ற பேச்சு போய்விடும். வேலைநிறுத்தம் உடையும். தாடை உடைந்தவனும் பிள்ளை கலைந்தவளும் எதற்காக அடிபட்டார்கள் என்று ஆகிவிடும்.

“இத இங்க சொல்லாதம்மா” என்றேன். “இது வேற விஷயம். இது முடியட்டும். அப்புறம் நான் தனியா பாக்கேன்.”

அவள் ஜாக்கெட் கையை இறக்கிவிட்டாள். “சரி” என்றாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து உள்ளே போனாள். தலைவர் மறுபடி கேட்டபோது, “அவசரத்துல முடியாம வந்துட்டேன்” என்றாள்.

இரண்டே வாரத்தில் ஒப்பந்தத்தை முடித்தேன். கழற்றிய கதவைப் பற்றித் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொடுத்த புகாரைச் சங்கம் மேற்கொண்டு வலியுறுத்தாது. மில் அவளுடைய சிகிச்சையை ஏற்கும். கதவுகளையெல்லாம் மாட்டும். கணவனை எச்சரிக்கையோடு திரும்ப எடுக்கும், அமர்வில் அதிகாரியை அடித்ததையும் அதோடு விட்டுவிடும். போலீஸ் வழக்கு எங்கள் வாரியத்தின் எல்லைக்குள் வராது. ஆனால் பேச்சு அதையும் தொட்டுக்கொண்டுதான் போயிற்று. காகிதத்தில் எழுதாத ஒரு வரி இருந்தது. கதவு விஷயத்தில் தன் பெயர் வராமலிருக்க, அடித்தது யாரென்று தான் பார்க்கவில்லை என்று சூப்பர்வைசர் கோர்ட்டில் சொல்வார். காணொளி போலீஸுக்குப் போகவே இல்லை. வந்த லேப்டாப்போடு திரும்பிப் போயிற்று.

கையெழுத்தான அன்று மாடிப்படியில் சூப்பர்வைசர் எனக்காகக் காத்திருந்தார்.

“எங்கண்ணு யாரு கணக்கும்மா?” என்று கேட்டார். கோபமே இல்லாமல்.

“நீங்க கதவக் கழத்துனீங்கல்ல?” என்றேன்.

“ஆமா. கழத்துனேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கிப் போனார். ஒற்றைக் கண்ணில் படிகளின் ஆழம் தெரியாதாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மில் கேட்டில் வெடி போட்டார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கும் மாலை விழுந்தது. கூட்டத்தில் அவள் இல்லை. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். தனியாகப் பார்க்கிறேன் என்று சொன்னதைப் பார்க்கவில்லை. அடுத்த வழக்கு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. சூப்பர்வைசர்.

“வக்கீலம்மா, நீங்க வேலை வாங்கிக் குடுத்த ஆளு அந்தப் பிள்ளையக் கொன்னுட்டான்னு நெனைக்கேன். ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு இருக்கேன். மூச்சு இருக்கான்னு தெரியல.”

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஆட்டோவிலிருந்து அவளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ சீட் முழுக்க ரத்தம். முகம் முகமாக இல்லை. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. பிடிக்க முடி இல்லாததால் கழுத்தைப் பிடித்து, அம்மிக்கல்லில் மோதியிருக்கிறான். தலையில் ஒட்டிய புதுத்தோல் பல இடத்தில் கிழிந்து மண்டையோட்டின் வெள்ளை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவை உடைக்கப் பயந்து கூச்சல் போட்டபோது, உடைத்துக்கொண்டு உள்ளே போனவர் சூப்பர்வைசர். அவருக்கும் தோளில் அரிவாள்மணை வெட்டு. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், இன்னொருத்தரின் துண்டைத் தோளில் அமுக்கிக்கொண்டு நின்றார்.

“நீங்க ஏன் போனீங்க?” என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

“பின்ன யாரு போவா?” என்றார்.

அவள் பிழைத்தாள். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒன்பதாவது நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச முடியாது, ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவள் நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினாள். “அன்னைக்கே சொன்னேன்.” அதைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பக்கத்தைக் கிழித்தாள். சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே, ஒப்பந்தத்தைக் கண்காணிக்க நீடித்திருந்த வாரியத்திலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன். தலைவர், “ஏன் அவசரப்படறீங்க? நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே” என்றார். காரணத்தைச் சொன்னேன். கழிப்பறையில் அவள் சொன்னதையும் நான் சொன்னதையும். அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “நீங்க சாட்சி சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உங்க தொழில் போயிரும்” என்றார்.

போலீஸில் நானே போய் வாக்குமூலம் கொடுத்தேன். கொலை முயற்சி வழக்கு. அவன் தரப்பு வக்கீல் எனக்கு முன்பு ஜூனியராக இருந்தவர். கூண்டில் ஏறி நிற்பது அதுதான் எனக்கு முதல் தடவை.

“இவர் தன் மனைவியை அடிப்பவர் என்று அன்றே உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள்?”

“தெரியும்.”

“தெரிந்தும் வாரியத்தில் சொல்லவில்லை?”

“சொல்லல. அவளையும் சொல்ல விடல.”

“அப்படியானால் அன்று பொய் சொன்னீர்கள். இன்று சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?”

“நம்புறது கோர்ட்டோட விருப்பம். அன்னைக்கு எனக்கு அந்த ஆள் தேவைப்பட்டான். அதனால மறைச்சேன்.” முதல் அடிதடியின் காணொளியைப் பற்றியும் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். ஆனால் சூப்பர்வைசர் பார்க்கவில்லை என்று சொன்னதால் அது ஏற்கெனவே விடுதலையில் முடிந்துபோன வழக்கு. அதைத் திரும்பத் திறக்க முடியவில்லை. சூப்பர்வைசரின் கண்ணுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

கோர்ட் வாசல் மரத்தடியில் சங்கத்துக்காரர்கள் நின்றார்கள். எனக்கு மாலை போட்டவர்களும் அதில் இருந்தார்கள். “தொழிலாளியக் காட்டிக் குடுத்திட்டியளே” என்று ஒருவர் காறித் துப்பினார். அது என் சேலையில் பட்டது. அதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அவனுடைய அண்ணன் ஹெல்மெட்டால் என் வாயில் அடித்தான். முன்பல் இரண்டு உடைந்து நாக்கில் குத்தின. கீழே விழுந்தேன். விழுந்த பிறகும் விலாவில் உதை விழுந்தது. உதை வாங்கும்போது நான் செய்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மேஜைக்கடியில் அவள் செய்ததைப் போலவே தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டேன். அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை போலும். அடிபட்டதால் மனபாரம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலிதான் இருந்தது. இரண்டு மாதம் இடது பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை.

அவனுக்கு ஏழு வருடம் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் குறைந்து, நாலு வருடம்கூட முடியாமல் வெளியே வந்தான். தலைவர் சொன்னதுபோல் என் தொழில் முழுதாகப் போகவில்லை. பெரிய சங்கங்கள் போய்விட்டன. பீடி சுற்றும் பெண்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், சம்பளம் கொடுக்காமல் நிறுத்தப்பட்ட ஜவுளிக்கடைப் பெண்கள் ஆகியோர் வருகிறார்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் இப்போது நான் குறுக்கே பேசுவதில்லை. வழக்குக்குத் தேவையில்லாததையும் எழுதிக்கொள்கிறேன்.

அவன் வெளியே வந்த இரண்டாவது வாரம், காலை பதினோரு மணிக்கு என் அலுவலகத்துக்கு வந்தான். தனியாக இருந்தேன். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கும்பிட்டான். அவன் பாட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை எடுத்தான். தண்டனை பெற்றதால் மில் கொடுத்த நீக்க உத்தரவு.

“பழசயெல்லாம் மனசுல வச்சிக்கிடாதீங்க மேடம். நானும் வச்சிக்கிடல. போன தடவ மாதிரி நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்.”

அவன் கிண்டல் செய்யவில்லை. மனதாரக் கேட்டான்.

“நான் எடுக்க மாட்டேன்” என்றேன்.

“ஏன் மேடம்? புருசன் பொண்டாட்டி சண்டை வீட்டோட. வேல வேறல்லா?”

அது என் சொல். குழாயை மூடிவிட்டு, ‘இது வேற விஷயம்’ என்று நான் அவளிடம் சொன்னது. “வெளிய போ” என்றேன். அவன் அசையவில்லை. மறுபடி சொன்னேன். அவன் எழுந்தான். திரும்பிப் போகிறவன் போல நகர்ந்து, சட்டப் புத்தகங்கள் இருந்த கண்ணாடி அலமாரியில் முஷ்டியால் குத்தினான். அதே கையால் மறுபடியும். கண்ணாடித் துண்டுகள் அவன் மணிக்கட்டில் நின்றன. ரத்தம் தரையில் சொட்ட, காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறையில் போட்டான். “வேற வக்கீலப் பாத்துக்கிடுதேன்” என்றான். போய்விட்டான்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு முதலில் போலீஸுக்கும், பிறகு அவளுக்கும் போன் செய்தேன். அவள் இப்போது முக்கூடல் பக்கம் தன் அக்காவோடு இருக்கிறாள். பீடி சுற்றுகிறாள். தாடை கோணியதால் சொற்கள் கொஞ்சம் குழறும்.

“அவன் வெளிய வந்துட்டான்மா. என் ஆபீசுக்கு வந்தான். அங்க வந்தாலும் வருவான்” என்றேன்.

“வரட்டும் வக்கீலம்மா. இங்கன எட்டு பொம்பளைக ஒண்ணா உக்காந்து எலை வெட்டுதோம்” என்றாள்.

அவன் போனான். அதை அவள் அக்காதான் பிறகு எனக்குச் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் வந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். எட்டுப் பேரும் மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இலை வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி எழுந்து தெருவுக்கு வந்தார்கள். அவன் இரண்டு எட்டு முன்னால் வைத்தான். அவள் நாலு எட்டு முன்னால் வைத்தாள். முக்காடு இல்லாமல், துணி கட்டாத தலையோடு. தழும்பு தழும்பாகக் கிடந்த அந்தத் தலையை அவன் அன்றுதான் வெயிலில் முதல் தடவையாகப் பார்த்தானாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். திருப்பூரில் இருக்கிறான் என்று கேள்வி.

பீடித் தொழிலாளர்களின் வைப்பு நிதி விஷயமாக அந்த ஊருக்குப் போக நேரிடும். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் மனுக்களை எழுதுவேன். அவளும் வரிசையில் உட்கார்ந்து தன் முறை வரும்போது கையெழுத்துப் போடுவாள். போன மாதம் மனுவை வாங்கி முழுவதும் வாசித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து, “இது நான் சொன்ன மாதிரி இல்லையே” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.